அணி என்னும் பாடமும் நம் பிள்ளைகளின் பரீட்சையும்

(வெள்ளகவியில் கூடிய நமது சங்கக் குடும்பத்தார் முன்னிலையில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நமது சங்கக் கூட்டங்களிலே கல்வியைப் பற்றிப் பேசாதார் இலர். கல்வி வேண்டும் என்பதில் நமக்குள் அபிப்பிராய பேதமும் இல்லை. ஆயினும், நம் பிள்ளை எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில் தடுக்கி நிற்கின்றது என்று வினவி அறிந்து, அந்த ஒரு பக்கத்தைத் தாண்டுதற்குக் கைகொடுப்போர் மிகச் சிலரே. ஆதலின், இன்று கல்வியின் பெருமையைப் பொதுப்படப் பேசாது, ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு உங்கள் முன் விரித்துக் காட்ட விரும்புகின்றேன். அது, மேனிலைப் பள்ளியில் கணினி அறிவியல் பயிலும் பிள்ளைகள் பதினோராம் வகுப்பிலே சந்திக்கும் ‘அணி’ என்னும் பாடமாகும்.

இவ்வூர் பழனிமலைத் தொடரின் சரிவிலே, கும்பக்கரைக்கும் வட்டக்கானலுக்கும் நடுவே, நெடுங்காலம் காற்பாதையையும் பொதிக்குதிரையையுமே நம்பி வாழ்ந்த ஊர். மேல்வகுப்புக் கல்வி வேண்டுமாயின், பிள்ளைகள் மலையேறிக் கோடைக்கானலிலோ, மலையிறங்கிப் பெரியகுளம் பக்கத்திலோ தங்கிப் படித்தல் வேண்டும். இத்தனை சிரமத்தின்மேல் அனுப்பிய பிள்ளை, விடுமுறையில் வந்து, “கணினிப் பாடம் எனக்கு விளங்கவில்லை; வேறு பிரிவுக்கு மாறிவிடுகின்றேன்” என்று சொல்லுமாயின், பெற்றோர் என்ன நினைக்கின்றனர்? “வீட்டில் கணினி இல்லை, அப்பன் பாட்டன் படித்ததில்லை, நமக்கு அது வாராது” என்று தம் மனத்தைத் தாமே தேற்றிக்கொள்ளுகின்றனர். இத்தேறுதல் பெருந்தீங்கு விளைப்பது. பிள்ளை நின்ற இடம் எது என்று பார்த்தால், அது பெரும்பாலும் மலையன்று. ஒரு சிறு படியே. அப்படியைக் கடக்கக் கணினி வேண்டுவதில்லை. எண்ணத் தெரிந்த கை போதும். இதனை மெய்ப்பிப்பதே இன்று என் கருத்து.

ஒரு பரிமாண அணி

அணி என்பது யாது? தமிழிலே அணி என்றால் வரிசை, ஒழுங்குபட நிற்றல். படையணி என்கின்றோம். கணினிப் பாடத்திலும் பொருள் அதுவே. ஒரே இனத்தைச் சேர்ந்த பல மதிப்புகளை ஒரே பெயரின்கீழ், அடுத்தடுத்த இடங்களில் நிறுத்தி வைத்தலே அணி.

ஓர் உதாரணம் கூறுவேன். ஒரு வீட்டார் தம் தோட்டத்தில் ஒரு வாரத்தில் நாள்தோறும் பறித்த காப்பிப்பழத்தின் எடையைக் குறித்து வைக்கின்றனர் என்று கொள்வோம். முதல் நாள் 12 கிலோ. பின் 9, 15, 11, 0, 18, 14. ஐந்தாம் நாள் மழை. ஆதலின் பறிப்பு இல்லை. இவ்வேழு எண்களுக்கும் ஏழு தனிப்பெயர் சூட்டலாம். ஆனால் ஓராண்டுக் கணக்கு வேண்டுமாயின் 365 பெயர் சூட்டுவது எங்ஙனம்? ஆதலின் ‘எடை’ என்று ஒரே பெயரிட்டு, நாளை மட்டும் எண்ணால் சுட்டுகின்றோம். எடை[0] என்பது 12. எடை[1] என்பது 9. எடை[6] என்பது 14. சதுர அடைப்புக்குள் நிற்கும் எண்ணைக் கீழொட்டு என்பர். ஒவ்வொரு மதிப்பும் அணியின் உறுப்பு எனப்படும்.

இங்கேதான் பிள்ளைகள் முதன்முதல் தடுக்குகின்றனர். “முதல் நாளுக்கு ஒன்று என்று சொல்லாமல் பூச்சியம் என்பதேன்?” என்று வினவுகின்றனர். நியாயமான வினா. விடை இது: கீழொட்டு என்பது ‘எத்தனையாவது’ என்பதன்று, ‘தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி’ என்பதே. கும்பக்கரையிலிருந்து மலையேறுவோன் புறப்படும் இடத்திலேயே நிற்கும்போது எவ்வளவு தூரம் நடந்தான்? பூச்சியம். ஒரு மைல் நடந்த பின்னரே ஒன்று. அங்ஙனமே முதல் உறுப்பு தொடக்கத்திலேயே நிற்பது. தள்ளிய இடம் பூச்சியம்.

கணினியின் நினைவகத்தில் இது நடைபெறும் முறையையும் காண்போம். நினைவகம் என்பது வரிசையாக எண்ணிட்ட சிற்றறைகளின் தொகுதி. ஓர் அறை ஒரு பைட்டு. இக்காலத்துக் கணினிகளில் சி++ மொழியில் ஒரு முழுவெண் பெரும்பாலும் 4 பைட்டு இடம் கொள்ளும். ‘எடை’ அணி 1000 என்னும் முகவரியில் தொடங்குவதாகக் கொண்டால், எடை[0] அவ்விடத்திலேயே இருக்கும். எடை[1] இருப்பது 1004-இல். எடை[5] எங்கே? 1000 + 5 × 4 = 1020. தொடக்க முகவரியோடு, கீழொட்டைப் பருமனால் பெருக்கிக் கூட்டுவதே விதி. இவ்விதியை உணர்ந்த பிள்ளை, கீழொட்டு பூச்சியத்தில் தொடங்குவதேன் என்று மீண்டும் ஒருநாளும் வினவாது. மனனம் செய்த பிள்ளையோ பரீட்சைக்கு முதல் நாள் மறந்துவிடும்.

இதனின்று மற்றொரு செய்தியும் தானே பெறப்படும். ஏழு உறுப்புடைய அணியின் கடைசிக் கீழொட்டு 6, ஏழன்று. எடை[7] என்று எழுதினால் என்னாகும்? சி++ மொழி நம்மைத் தடுத்து நிறுத்துவதில்லை. அணிக்கு அப்பாலுள்ள, நமக்கு உரிமையில்லாத அறையை எட்டிப்பார்க்கும். அங்கே கிடப்பது எதுவோ அதனைக் கொணரும். சிற்சமயம் நிரல் இடையிலேயே முறிந்துபோம். பைத்தான் மொழியோ இத்தகைய இடத்தில் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். பதினோராம் வகுப்பில் சி++, பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் என்று நம் மாநிலப் பாடத்திட்டம் அமைந்திருத்தலால், இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் இப்பொழுதே மனத்தில் இருத்துவது நன்று.

இன்னொன்று. அணியை அறிவித்த அளவிலேயே அதில் பூச்சியங்கள் நிரம்பிவிடும் என்று எண்ணலாகாது. செயற்கூற்றின் உள்ளே அறிவித்து, மதிப்பிடாது விட்ட அணியில் முன்பு கிடந்த எச்சமே இருக்கும். முந்தியவர் ஆடிவிட்டுப் போன பல்லாங்குழியில் இரண்டொரு முத்துகள் கிடப்பதுபோல. ஆயின், சில உறுப்புகளுக்கு மட்டும் தொடக்க மதிப்புக் கொடுத்தால், எஞ்சியவை பூச்சியமாகும். இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

கையால் ஓட்டிப் பார்த்தல்

அணியைக் கற்றவன் அடுத்துக் கற்கவேண்டுவது மடக்கு. ‘நாள்’ என்னும் மாறி 0 முதல் 6 வரை ஒவ்வொன்றாய் ஏற, ஒவ்வொரு முறையும் எடை[நாள்] என்பதைக் ‘கூட்டுத்தொகை’யோடு சேர்க்கின்றோம். இதனைப் புத்தகத்தில் படித்தால் போதாது. தாளில் மூன்று கட்டம் கிழித்து, நாள், எடை, கூட்டுத்தொகை என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு படியையும் கையால் எழுதுதல் வேண்டும். கூட்டுத்தொகை முதலில் 0. பின் 12, 21, 36, 47, 47, 65, 79. ஏழு படி ஏறினோம். விடை 79 கிலோ. ஐந்தாம் படியில் தொகை மாறாது நின்றதையும் பாருங்கள். மழை பெய்த நாளும் அணியில் தன் இடத்தை விட்டுக்கொடுப்பதில்லை.

இனிப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் வினா. பரீட்சைகளில் அடிக்கடி தோன்றுவது. பல மாணவர் ‘பெரியது’ என்னும் மாறியைப் பூச்சியத்தில் தொடங்கி, உறுப்புகளை அதனோடு ஒப்பிட்டுச் செல்வர். காப்பிக்கணக்கில் இது சரியான விடையே தரும், 18 கிடைக்கும். ஆதலின் முறை சரியென்றே நம்பிவிடுவர். ஆனால் கோடைக்கானல் மலையில் உறைபனிக் காலத்து இரவுக் குளிர் நீருறைநிலைக்கும் கீழே இறங்குவதுண்டு என்பது நீங்கள் அறிந்ததே. மூன்று இரவின் வெப்பநிலை −2, −1, −3 என்று கொள்வோம். பூச்சியத்தில் தொடங்கினால், எந்த உறுப்பும் பூச்சியத்தைவிடப் பெரிதன்று. ஆதலின் விடை பூச்சியம் என்று வரும். அப்படி ஓர் இரவே அணியில் இல்லையே! சரியான முறை, அணியின் முதல் உறுப்பையே ‘பெரியது’ என்று முதலில் கொண்டு, அடுத்தனவற்றை ஒப்பிடுதல். அப்பொழுது −1 என்னும் மெய்யான விடை கிடைக்கும். போட்டிக்கு வாராத ஒருவனை வெற்றி பெற்றவன் என்று அறிவிக்கலாகாது என்பதே இதன் நியாயம்.

ஓர் அணியை மற்றோர் அணியில் அப்படியே ஒரே கட்டளையில் ஏற்றிவிட முடியாது என்பதையும், ஒவ்வோர் உறுப்பாய் மடக்கினால் நகலெடுத்தல் வேண்டும் என்பதையும், ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லை எழுத்தணியில் வைக்க முடிவுக்குறிக்கும் ஓரிடம் சேர்த்து ஆறிடம் வேண்டும் என்பதையும் இங்கே நினைவூட்டி மேற்செல்லுகின்றேன்.

இரு பரிமாண அணி

மாணவர் மிகுதியும் அஞ்சுவது இரு பரிமாண அணியையே. பெயர்தான் அச்சுறுத்துகின்றது, பொருளோ நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றது. தாய்மார்களே! உங்கள் கையிலுள்ள பல்லாங்குழிப் பலகையை எண்ணிப் பாருங்கள். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு குழி, ஆகப் பதினான்கு. இதனைவிடத் தெளிந்த இரு பரிமாண அணி எந்தப் புத்தகத்திலும் இல்லை. ‘குழி’ என்று பெயரிட்டு, குழி[2][7] என்று அறிவித்தால், இரண்டு கிடைவரிசை, ஏழு நெடுவரிசை என்பது பொருள். முதல் அடைப்பு எந்த வரிசை என்பது. இரண்டாம் அடைப்பு அவ்வரிசையில் எத்தனை இடம் தள்ளி என்பது. முதல் வரிசை 0, அடுத்தது 1. குழிகளோ 0 முதல் 6 வரை. குழி[1][3] என்றால் இரண்டாம் வரிசையின் நான்காம் குழி. இரண்டு அடைப்புகளையும் தனித்தனியே இடவேண்டும். ஒரே அடைப்பில் காற்புள்ளியிட்டு எழுதினால் நாம் கருதிய குழி கிட்டாது.

ஒவ்வொரு குழியிலும் ஐந்து முத்து இடுவதாயின், எவ்வாறு கட்டளையிடுவது? வெளிமடக்கு வரிசையை 0, 1 என்று நடத்தும். ஒவ்வொரு வரிசைக்கும் உள்மடக்கு இடத்தை 0 முதல் 6 வரை நடத்தும். வெளிமடக்கு இருமுறை; உள்ளிருக்கும் கட்டளையோ 2 × 7 = 14 முறை. இட்ட முத்துகள் 14 × 5 = 70. “உள்மடக்கின் கட்டளை எத்தனை முறை நிறைவேறும்?” என்று பரீட்சையில் கேட்டால், பலகையை மனத்தில் வைத்துக்கொண்டு விடை எழுதலாம்.

இனி நினைவகத்திற்குச் செல்வோம். நினைவகத்தின் அறைகள் ஒரே நேர்வரிசை என்று முன்னரே கூறினேன். அதில் இரண்டு வரிசைப் பலகையை வைப்பது எங்ஙனம்? சி++ மொழி முதல் வரிசையின் ஏழு குழிகளையும் முதலில் வைத்து, அவற்றின் பின்னே இரண்டாம் வரிசையின் ஏழையும் வைக்கின்றது. ஆகவே குழி[1][3] தொடக்கத்திலிருந்து எத்தனை இடம் தள்ளி? ஒரு முழு வரிசையைத் தாண்ட 7, அதன்மேல் 3, ஆக 10. விதி இதுவே: வரிசையின் கீழொட்டை நெடுவரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, இடத்தின் கீழொட்டைக் கூட்டுக. 1 × 7 + 3 = 10. நான்கு பைட்டு வீதம் 40 பைட்டு தள்ளி. அணி 1000-இல் தொடங்கினால் குழி[1][3] இருப்பது 1040-இல்.

இவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு, கூர்ந்து நோக்குங்கள். நெடுவரிசைகளின் எண்ணிக்கையாகிய 7 இதில் வருகின்றது. கிடைவரிசைகளின் எண்ணிக்கையாகிய 2 வரவேயில்லை! ஆதலினாலேதான் தொடக்க மதிப்புகளோடு இரு பரிமாண அணியை அறிவிக்கும்போது முதல் அடைப்பை வெறுமையாக விடலாம். இரண்டாம் அடைப்பை விடலாகாது என்று பாடப்புத்தகம் விதிக்கின்றது. அந்த எண் இல்லாவிடில் ஒரு வரிசை எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்று கணினிக்குத் தெரியாது. விதியை விதியாக மட்டும் படித்தவன், எந்த அடைப்பை விடலாம் என்று பரீட்சை மண்டபத்தில் தடுமாறுவான். காரணம் அறிந்தவனுக்குத் தடுமாற்றம் இல்லை.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பல்லாங்குழி ஆடும்போது ஒரு வரிசையில் இடமிருந்து வலமாகச் சென்றால், மறு வரிசையில் வலமிருந்து இடமாகத் திரும்புகின்றோம். கணினியோ ஒவ்வொரு வரிசையையும் இடப்புறத்திலிருந்தே மீண்டும் தொடங்கும். பலகையின் வடிவத்தை எடுத்துக்கொள்க; ஆட்டத்தின் சுற்றை இதனோடு குழப்பற்க. சுற்றுமுறையையே நிரலாக எழுத விரும்பும் மாணவன், பதினான்கு உறுப்புடைய ஒரு பரிமாண அணியாகக் கொண்டு, சுற்றுவரிசையில் 0 முதல் 13 வரை எண்ணிடுவானாக. அடுத்த குழியைக் காண ஒன்று கூட்டிப் பதினான்கால் வகுத்து மீதியைக் கொள்ளலாம். 13-இன் பின் 14, அதன் மீதி 0, சுற்று நிறைவுற்றது. ஒரே பலகையை ஒரு பரிமாணமாகவும் இரு பரிமாணமாகவும் காணலாம்; நாம் வினவும் வினாவே வடிவத்தைத் தீர்மானிக்கின்றது.

சொற்களால் வரும் குழப்பம்

பத்தாம் வகுப்புக் கணிதத்திலே ‘அணிகள்’ என்றொரு பகுதி உண்டு. அங்கே கிடைவரிசையை நிரை என்றும், நெடுவரிசையை நிரல் என்றும் பயின்றிருப்பீர்கள். கணினிப் பாடத்தில் வரும் இரு பரிமாண அணி அதற்கு நெருங்கிய உறவே. ஆயினும் இரண்டு வேறுபாடுகளைக் கருதுக. ஒன்று, கணிதத்தில் எண்ணுதல் ஒன்றில் தொடங்கும்; சி++ மொழியில் பூச்சியத்தில். கணிதத்தில் இரண்டாம் நிரை, மூன்றாம் நிரல் என்பது சி++ மொழியில் [1][2] ஆகும். மற்றொன்று, கணினிப் பாடத்தில் நிரல் என்னும் சொல் கட்டளைத் தொகுதியையும் குறிக்கின்றது. அதே சொல் இரு பொருள் தருதலால், விடை எழுதுங்கால் கிடைவரிசை, நெடுவரிசை என்றே எழுதுதல் தெளிவுடைத்து.

பூச்சியத்தில் தொடங்குவது எல்லா மொழிக்கும் பொது விதி என்றும் கருதற்க. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த போர்ட்ரான் மொழியில் அணி ஒன்றில் தொடங்கியது. நினைவகத்திலும் நெடுவரிசை நெடுவரிசையாக வைக்கப்பட்டது. 1972-ஆம் ஆண்டையொட்டி டென்னிஸ் ரிட்சி என்பார் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆக்கிய சி மொழியில் பூச்சியமும் கிடைவரிசை முறையும் நிலைத்தன. அதே ஆய்வகத்தில் 1979-இல் பியர்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் தொடங்கிய மொழியே 1983-இல் சி++ என்னும் பெயர் பெற்றது. தாய்மொழியின் வழக்கத்தை அது அப்படியே கைக்கொண்டது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர், பூச்சியத்தில் தொடங்குதலே தகுதி என்று 1982-இல் ஒரு குறிப்பு எழுதிக் காரணம் காட்டினார். ஆகவே இது கற்றறிந்தோரும் விவாதித்த பொருள். நம் பிள்ளை “ஏன் பூச்சியம்?” என்று வினவுதல் அறியாமையன்று, அறிவின் தொடக்கமே ஆகும்.

மலைமேல் உள்ள சான்று

“இவையெல்லாம் பரீட்சைக்கு மட்டும் பயன்படுவனவோ?” என்று பெரியோர் சிலர் கருதக்கூடும். அதற்கு விடை தேடி நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. நமக்கு மேலேயே இருக்கின்றது. கோடைக்கானலிலுள்ள சூரிய ஆராய்ச்சிக்கூடம் 1899-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. இங்கே 1909-ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் ஜான் எவர்ஷெட் என்பார், சூரியனின் கரும்புள்ளிகளிலே வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்தார். அவ்வொழுக்கு உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1904-ஆம் ஆண்டு முதல் வானம் தெளிந்த நாள்களில் சூரியனைப் படம் பிடித்து, கண்ணாடித் தகடுகளிலும் பின்னர்ப் படச்சுருள்களிலும் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்துள்ளனர். அத்தகைய நெடுந்தொகுதி உலகில் மிக அரிது.

கண்ணாடித் தகடு உடையலாம், மங்கலாம். அன்றியும், ஆயிரக்கணக்கான தகடுகளைக் கண்ணால் ஒப்பிடுதல் மனிதரால் ஆகுமா? ஆகவே பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் அவற்றை எண்வடிவாக மாற்றினர். எண்வடிவு என்றால் என்ன? இரு பரிமாண அணியே! ஒரு படம், பக்கத்திற்கு 4096 புள்ளிகளாகப் பகுக்கப்பெற்று, ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் ஓர் எண்ணாக வைக்கப்படுகின்றது. 4096-ஐ 4096-ஆல் பெருக்கினால் 1,67,77,216 உறுப்புகள். பல்லாங்குழியின் பதினான்கு குழிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அளவிலேயன்றி இயல்பில் இல்லை.

சூரியனின் கரும்புள்ளி சுற்றுப்புறத்தைவிட ஒளி குறைந்த இடம். ஆகவே அணியில் அங்கே எண் சிறுத்திருக்கும். கரும்புள்ளியைத் தேடுவோர் முதற்கண் செய்வது யாது? ஒரு மடக்கின் உள்ளே மற்றொரு மடக்கு வைத்து, உறுப்பு உறுப்பாகச் சென்று, சிறுத்த எண் எங்கே என்று ஒப்பிடுதல். அதன்மேல் நுட்பமான முறைகள் பல உண்டு. ஆனால் அடித்தளம் நம் பிள்ளை பதினோராம் வகுப்பில் எழுதும் அதே இரட்டை மடக்கே. நாளுக்கு ஒரு படமாக அடுக்கினால் மூன்றாம் பரிமாணமும் தோன்றிவிடும். ஒவ்வொரு நாளும் கண்ட கரும்புள்ளிகளின் எண்ணிக்கையை மட்டும் வரிசையாக எழுதினால், காப்பிக்கணக்கைப் போன்ற ஒரு பரிமாண அணி. வெள்ளகவிக்கு மேலே, இதே மலைமேல், நம் பாடப்புத்தகத்தின் ஒரு பாடம் நூறாண்டுச் சூரியனைத் தாங்கி நிற்கின்றது. இதனை அறிந்த பிள்ளை “இஃது எனக்கு எதற்கு?” என்று வினவுமா?

நாம் செய்யவேண்டுவன

இனி மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சங்கத்தார்க்கும் சில வார்த்தைகள்.

மாணவ மாணவியரே! வீட்டில் கணினி இல்லையே என்று ஏங்கி வாரங்களைக் கழிக்காதீர்கள். எழுத்துத் தேர்வு எழுதுகோலாலேயே எழுதப்படுவது. நிரலைத் தாளில் எழுதி, கட்டம் கிழித்து, மாறிகளின் மதிப்பைப் படிப்படியாகக் கையால் ஓட்டிப் பாருங்கள். புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக இட்டு, 0 முதல் எண்ணிப் பழகுங்கள். ஒரே நிரலை மூன்று விதமான எண்களுக்கு ஓட்டுங்கள்: சாதாரண எண்கள், எல்லாம் குறை எண்கள், எல்லாம் ஒரே எண். இம்மூன்றிலும் சரியான விடை வந்தால், நிரலை நம்பலாம். செய்முறைக்காகப் பள்ளியின் ஆய்வகத்தில் கிடைக்கும் நேரமோ குறைவு. அந்நேரத்தில் சிந்திக்கத் தொடங்கினால் போதாது. தாளில் முடித்த நிரலோடு உள்ளே செல்லுங்கள். தட்டச்சிட்டு, கையால் கண்ட விடையும் கணினி தந்த விடையும் ஒத்தனவா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வாவிடில், அந்த வேறுபாடே உங்களுக்கு ஆசிரியர்.

வினாவிடைத் தொகுப்பை நெட்டுருச் செய்து மதிப்பெண் பெற்றவரும் உண்டு, மறுக்கவில்லை. ஆயின் அடுத்த ஆண்டில் பைத்தான் வரும்போது அந்நெட்டுரு உதவாது. பைத்தானில் பட்டியல் என்னும் அமைப்பு உண்டு. அதுவும் பூச்சியத்தில் தொடங்கும். அன்றியும் −1 என்னும் கீழொட்டுக் கடைசி உறுப்பைக் குறிக்கும். அங்கே பல இன மதிப்புகளும் ஒரே பட்டியலில் இருக்கலாம். அணியின் இயல்பை உணர்ந்தவனுக்கு இவை புதிய வழக்கங்கள். மனனம் செய்தவனுக்கோ இவை மீண்டும் ஒரு புதிய மலை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளையிடம் “எத்தனை மதிப்பெண்?” என்று மட்டும் கேளாதீர்கள். “இன்று கற்றதைப் பல்லாங்குழியில் காட்டு” என்று கேளுங்கள். நீங்கள் எழுத்தறியாதவராயினும் அப்பிள்ளை காட்டுவது உங்களுக்கு விளங்கும். உங்களுக்கு விளங்குமாறு அதனால் சொல்ல முடியுமாயின், பாடம் அதற்கு வந்துவிட்டது என்று திண்ணமாக நம்பலாம். பெண்மக்களை மலையிறக்கித் தங்கவைத்துப் படிப்பிக்கத் தயங்குவோர்க்கு ஒன்று சொல்வேன். அப்பலகையைத் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு, எந்தக் குழியில் எத்தனை என்று பாராமலே சொன்னவர்கள் நம் பாட்டிமார்களே. கணக்கு அவர்கள் கைக்குப் புதிதன்று, பட்டம்தான் புதிது. அதனையும் அவர்களின் பேர்த்தியர் பெறுதல் நியாயமே.

சங்கத்தார்க்கு என் விண்ணப்பம் சிறிது. விழாவுக்கும் விருந்துக்கும் செலவிடும் தொகையில் ஒரு பகுதியைக் கொண்டு, நம் பிள்ளைகள் தங்கும் இடங்களில் மேனிலை வகுப்புப் பாடப்புத்தகங்களும், கட்டமிட்ட தாள்களும், ஒரு கரும்பலகையும், இயலுமாயின் பொதுவில் ஒரு கணினியும் வைத்துக் கொடுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மாணவர் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இளையவர்க்குக் கற்பிக்க ஏற்பாடு செய்யுங்கள். கற்பிப்போன் தானும் கற்பான். இளையோனும் தனக்கு முன் நம் ஊரான் ஒருவன் இப்படியைக் கடந்தான் என்று கண்ணால் காண்பான். அக்காட்சிக்கு ஈடான ஊக்கம் வேறில்லை.

பெரியோர்களே! அணியின் உறுப்புகளுள் முதல்வன், கடையன் என்று மதிப்பில் வேற்றுமையில்லை. ஒவ்வொன்றும் தன் இடத்தில் நின்று, அழைத்தபோது விடை தருகின்றது. எந்த உறுப்பை அடையவும் கணினிக்குத் தேவையானது ஒரே கணக்கே: தொடக்கம் எங்கே, எத்தனை இடம் தள்ளி. நம் பிள்ளைகளுக்கும் அவ்வாறே. தொடக்கம் இம்மலையூர். செல்லவேண்டிய தூரமும் எண்ணத்தக்கதே. ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டு அவர்கள் செல்லட்டும். நாம் பாதையைச் செப்பம் செய்து கொடுப்போம்.